சிறு சரக்கு வேன்: வாசகர் கேள்வி – பதில்

சிறு சரக்கு வேன் வைத்திருப்பவர்களும் வாங்க எண்ணுபவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் கூடுதலாகக் கேட்டிருந்ததைப் பதிலில் சேர்த்திருக்கிறேன். வேனின் வடிவத்தையோ உறுப்புகளையோ மாற்றுவதற்கான பதிவு விதிகளும் காப்பீட்டு விதிகளும் நாட்டுக்கு நாடு மாறுபடும். ஆகவே, கீழே வரும் எந்த மாற்றத்தைச் செய்வதானாலும், ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து ஆண்டுகள் ஓடிய சரக்கு வேன் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். எஞ்சின் சத்தம் சீராக இருக்கிறது. வெளியே புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: அந்தப் புதுப் பெயிண்ட்தான் எனக்கு முதல் சந்தேகத்தைத் தருகிறது. ஐந்து ஆண்டுகள் மூட்டை ஏற்றி இறக்கிய வண்டியில் கீறலும் நசுங்கலும் இருப்பதுதான் இயல்பு. அவற்றை மறைக்கப் பணம் செலவழித்தவர் துருவையும் சேர்த்து மறைத்திருக்கக்கூடும். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு, சக்கர வளைவுகளின் ஓரம், கதவுகளின் அடிப்பகுதி, பின்கதவின் வாசற்படி ஆகிய இடங்களில் மெதுவாக ஒட்டிப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவும் இடத்தில் இரும்புக்குப் பதிலாகப் பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்ததாகச் சரக்குத் தளத்தில் விரித்திருக்கும் ரப்பர் பாயை முழுவதுமாக எடுக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினாலும் விடாதீர்கள். பாய்க்கடியில் தங்கும் ஈரம்தான் சரக்கு வேனைத் தின்னும் முதல் எதிரி. தளத்தின் மடிப்புகளில் பழுப்புப் பொடி உதிர்கிறதா, போல்ட் தலைகளைச் சுற்றி இரும்பு உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டைகளைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கிகளைப் பாருங்கள். அங்கே துருப்பிடித்திருந்தால் அந்த வண்டியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. எஞ்சினைப் பழுது பார்த்துவிடலாம், தாங்கி பிடித்திருக்கும் சட்டம் இற்றுப்போனால் பெரும்பாலும் வண்டியே போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் ஓட்டுநர் இருக்கையின் வெளிப்புற ஓரத்தைப் பாருங்கள். வீடு வீடாகப் பொருள் கொண்டுசேர்த்த வண்டியில் ஓட்டுநர் ஒரு நாளைக்குப் பல பத்து முறை ஏறி இறங்கியிருப்பார்; இருக்கையின் அந்த ஓரம் நைந்து, கதவுக் கீல் தளர்ந்து, கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகியிருக்கும். அப்படிப்பட்ட வண்டி கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் அதன் ஸ்டார்ட்டரும் கிளட்சும் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியினுடையதைவிட அதிகம் உழைத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். பட்டன் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும்.

எஞ்சினை நீங்கள் போய்ச் சேரும்போது சூடாக வைத்திருந்தால், மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிடுங்கள். டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் பட்டை) உள்ள எஞ்சினாக இருந்தால், அதை மாற்றியதற்கான பட்டறை ரசீது இல்லாதபோது மாற்றவில்லை என்றே கணக்கில் கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: நான் தச்சு வேலை செய்பவன். வேனுக்குள் பிளைவுட் தளம், பக்கச் சுவர், கருவிகளுக்கு இரும்புத் தட்டுகள், கூரை மேல் கேரியர் எல்லாம் அமைக்க விரும்புகிறேன். எனது வேன் 600 கிலோ தாங்கும் என்று சொல்லி விற்றார்கள். இவ்வளவும் செய்த பிறகு எவ்வளவு மரம் ஏற்றலாம்?

பதில்: வந்த கேள்விகளிலேயே இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால், இந்தக் கணக்கைப் போடாமல் வேனை மாற்றி அமைத்தவர்களே எனக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

600 கிலோ என்பது வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று எடையைக் கழித்து வந்த மிச்சம். எடுத்துக்காட்டாக மொத்த வரம்பு 1,600 கிலோ, வெற்று எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெற்று எடையில் ஓட்டுநர் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 75 கிலோ எடையுள்ள ஓட்டுநரையும் தொட்டியின் 90 விழுக்காடு எரிபொருளையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். எல்லா இடத்திலும் அப்படியில்லை. சேர்க்கவில்லை என்று கொண்டால், நீங்களும் உதவியாளரும் ஆளுக்கு 70 கிலோ என்ற கணக்கில் 140 கிலோ போய், மீதி 460.

இனி உங்கள் மாற்றங்கள். 12 மி.மீ. பிளைவுட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ இருக்கும். 3 சதுர மீட்டர் தளத்துக்கு 22 கிலோ. பக்கச் சுவர்களுக்கு 6 மி.மீ. பலகை 4 சதுர மீட்டர் என்றால் 14 கிலோ. 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் கொண்டது, மீட்டருக்கு 1.4 கிலோவுக்குச் சற்று மேல். தட்டுகளுக்கு 30 மீட்டர் பிடித்தால் 43 கிலோ. கேரியர் 25 கிலோ. நிரந்தரமாக வண்டியிலேயே இருக்கும் கருவிகளை 120 கிலோ என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து 224 கிலோ ஆகிறது. 460இல் 224 போனால் மிச்சம் 236. ஆக, 600 கிலோ தாங்கும் என்று வாங்கிய வேனில் நீங்கள் ஏற்றக்கூடிய மரம் 236 கிலோதான். கருவிப் பெட்டிகளை ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். 120 என்று நான் போட்டது தாராளமான மதிப்பீடு அன்று.

தளத்துக்குப் பிளைவுட்டுக்குப் பதிலாக 3 மி.மீ. இரும்புத் தகடு அடித்தால் உறுதியாக இருக்குமே என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். உறுதியாகத்தான் இருக்கும். அதே 3 சதுர மீட்டருக்கு அது 70 கிலோவுக்கு மேல் வரும். பிளைவுட்டைவிடக் கிட்டத்தட்ட 50 கிலோ அதிகம். அந்த 50 கிலோவை வேன் வெறுமையாக ஓடும்போதும் சுமக்க வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு அடுத்தபடியாக எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைவெளி 2.4 மீட்டர் உள்ள வேனில், 200 கிலோ மரத்தைப் பின்அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் வைத்தால், பின்அச்சில் 150 கிலோவும் முன்அச்சில் 50 கிலோவும் இறங்கும். அதே மரத்தைப் பின்அச்சுக்கு 60 செ.மீ. பின்னால், கதவை ஒட்டி வைத்துவிட்டால், பின்அச்சில் 250 கிலோ இறங்கி, முன்அச்சிலிருந்து 50 கிலோ மேலே தூக்கப்படும். ஏற்ற இறக்கப் பலகையைப் போல இது நெம்புகோல் வேலை. மொத்த எடை வரம்புக்குள்ளேயே இருக்கும். ஆனால் பின்அச்சின் வரம்பைத் தாண்டியிருக்கும், ஸ்டீயரிங் மிதப்பது போலிருக்கும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தால் மழைநேரத்து மேட்டில் சக்கரம் வழுக்கிச் சுழலும். ஏற்றி இறக்க வசதியாக இருக்கிறது என்பதற்காகக் கனமானதைக் கதவோரம் வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தட்டுகளைப் பொருத்தும்போதே கனமான கருவிகளுக்குரிய இடத்தை ஓட்டுநர் முதுகுப் பக்கம், தரையோடு தரையாக ஒதுக்கிவிட்டால் பிறகு தினமும் யோசிக்க வேண்டியிருக்காது.

வேலை முடிந்ததும் ஒருமுறை எடை மேடைக்குப் போங்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை, முழு வண்டியையும் ஏற்றி ஓர் எடை, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஓர் எடை. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடித் திரைக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாரம் ஏற்றினால் வேனின் பின்பக்கம் தாழ்ந்துவிடுகிறது. ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பட்டை போட்ட அன்றே செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

என்னுடைய பழைய வேனுக்கு ஒரு பட்டறையில் இருபுறமும் ஒரு பட்டை கூட்டினேன். வண்டி நிமிர்ந்து நின்றது, எனக்கும் திருப்திதான். அடுத்த சில மாதங்களில் முன்பிரேக் பேடுகள் வழக்கமாக உழைக்கும் காலத்தில் பாதியிலேயே தேய்ந்துபோயின. தரமில்லாத பேடு என்று நினைத்து வேறு போட்டேன். அவையும் அப்படியே தேய்ந்தன. பாரத்தோடு இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு, நிற்க முன்பைவிட அதிகத் தூரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் வேறொரு மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்து, பின்அச்சுக்கும் உடற்சட்டத்துக்கும் நடுவே இருந்த ஒரு மெல்லிய கம்பியை விரலால் தட்டிக்காட்டி, “இதை யாரும் திருத்தி வைக்கவில்லையா?” என்று கேட்டார்.

பட்டை ஸ்பிரிங் உள்ள பல சரக்கு வேன்களில் எல்எஸ்பிவி என்று மெக்கானிக்குகள் குறிப்பிடும் வால்வு ஒன்று உண்டு. வெறும் வண்டியின் பின்பக்கம் இலேசானது. அங்கே முழு பிரேக் கொடுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். ஆகவே, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அந்தக் கம்பி மூலம் அளந்து, தாழ்ந்திருந்தால் பின்பிரேக்குக்கு அதிக அழுத்தமும், உயர்ந்திருந்தால் குறைந்த அழுத்தமும் இந்த வால்வு அனுப்புகிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் உயரம் ஒன்றுதான். பட்டை கூட்டியதால் பாரம் ஏற்றியும் பின்பக்கம் தாழவில்லை. வண்டி காலியாக இருக்கிறது என்று எண்ணி வால்வு பின்பிரேக்கைக் குறைத்துவிட்டது. 400 கிலோ சுமையையும் சேர்த்து நிறுத்தும் வேலை முழுவதும் முன்பேடுகளின் தலையில் விழுந்தது.

ஆகவே, ஸ்பிரிங்கில் எதைச் செய்தாலும் அந்தக் கம்பியின் நீளத்தைத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அளவுப்படி மறுபடி சரிசெய்யச் சொல்லுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உள்ள பல புதிய வேன்களில் இந்த வேலையைச் சக்கர வேகத்தை அளக்கும் மின்னணுக் கருவியே பார்த்துக்கொள்வதால் கம்பி இருக்காது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று. பட்டை கூட்டினால் வண்டி தாழாது என்பது உண்மை. அதனால் அதன் எடை வரம்பு கூடிவிடாது. அச்சும் பேரிங்கும் சக்கரமும் டயரும் பிரேக்கும் பழைய அளவிலேயேதான் இருக்கின்றன. சொல்லப்போனால், வரம்புக்குட்பட்ட பாரத்துக்கே பின்பக்கம் அளவுக்கு மீறித் தாழ்கிறது என்றால், பழைய பட்டைகள் வளைவிழந்து தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; கூடுதல் பட்டைக்குப் பதிலாகப் புதுச் செட் போடுவதே சரி.

கேள்வி: எனது வேனில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. சத்தத்தைக் குறைக்க எஞ்சின் மூடி மேலும் சுற்றிலும் கனமான மெத்தைப் பாய் ஒட்டினேன். இப்போது நீண்ட மேடுகளில் சூடு ஏறுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: ஓரளவு உண்டு, ஆனால் முழுக் குற்றத்தையும் பாயின் மீது சுமத்த மாட்டேன்.

இருக்கைக்கடியில் எஞ்சினை வைக்கும் அமைப்பு இடப் பற்றாக்குறையில் பிறந்தது. ஜப்பானின் கெய் எனப்படும் மிகச் சிறிய வகை வண்டிகளை எடுத்துக்கொண்டால், 1998 முதல் நடப்பிலுள்ள விதிப்படி நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி, இவற்றைத் தாண்டக் கூடாது. இந்த 3.4 மீட்டரில் எஞ்சினுக்கென்று முன்னால் ஒரு மூக்கை நீட்டிவிட்டால் சரக்குக்கு என்ன மிஞ்சும்? ஆகவே ஓட்டுநரை எஞ்சின் மேலேயே உட்காரவைத்தார்கள். அந்த மரபில் வந்த 796 சிசி மாருதி ஆம்னியிலும் இதே அமைப்புத்தான். சரக்குக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. பதிலுக்கு வெப்பத்தையும் சத்தத்தையும் ஓட்டுநர் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்த வண்டிகளில் ரேடியேட்டர் முன்பக்கத்திலும் எஞ்சின் நடுவிலும் இருப்பதால், கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) செல்லும் குழாய்கள் தளத்துக்கடியில் நீளமாக ஓடுகின்றன. கூலண்டை இறக்கி மறுபடி நிரப்பும்போது எங்காவது மேடான வளைவில் காற்று சிக்கிக்கொண்டால், ரேடியேட்டர் நிறைந்திருப்பதாகத் தோன்றும். எஞ்சினுக்குள் பாதி இடத்தில் நீராவிதான் இருக்கும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் திறந்துவைத்து, காற்று போக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை மெதுவாக நிரப்ப வேண்டும். அண்மையில் கூலண்ட் மாற்றியிருந்தால் முதல் சந்தேகம் இதுதான்.

இரண்டாவது சந்தேகம், பெரும்பாலோர் கவனிக்காத ரேடியேட்டர் மூடி. எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு அதைத் திறந்து, அடியிலுள்ள ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்காமல், விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம் கடந்துவிட்டது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி கசிந்தால் 100 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் மேட்டில் இழந்தது அந்த 18 டிகிரியாகவும் இருக்கலாம்.

பாயைப் பொறுத்தவரை, எஞ்சின் மூடியின் மேற்புறம் ஒட்டியது இருக்கட்டும். சுற்றிலும் காற்று வெளியேறும் இடைவெளிகளை அடைத்திருந்தால் அவற்றைத் திறந்துவிடுங்கள். புகைக்குழாய்க்கு அருகில் தீப்பிடிக்கும் பஞ்சோ ஸ்பாஞ்சோ இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வேனுக்குள் விளக்குகளும், 600 வாட் துளையிடும் கருவியை ஓட்ட ஓர் இன்வெர்ட்டரும் பொருத்த வேண்டும். பின்பக்கத்தில் இன்வெர்ட்டரை வைத்து, வீட்டு வயரிங்குக்கு வாங்கிய 2.5 சதுர மி.மீ. கம்பியையே இழுத்துக்கொள்ளலாமா?

பதில்: விளக்குகளுக்குத் தாராளமாகப் போதும். இன்வெர்ட்டருக்கு வேண்டாம்.

வீட்டில் 600 வாட் என்பது சிறிய மின்னோட்டம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே 600 வாட்டை எடுக்க 50 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் அதற்கும் மேல். பேட்டரியிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர் என்றால் போகவும் வரவுமாக 10 மீட்டர் செம்பு. 2.5 சதுர மி.மீ. கம்பியில் இந்த நீளத்துக்குத் தடை 0.07 ஓம், 50 ஆம்பியரில் 3.5 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். இன்வெர்ட்டருக்கு 9 வோல்ட்டும் சேராது, அது அலறிவிட்டு நின்றுவிடும். அதைவிடக் கவலைக்குரியது, தொலைந்த 3.5 வோல்ட் 175 வாட் வெப்பமாகப் பிளைவுட் சுவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கம்பி உறையைச் சுட்டுக்கொண்டிருக்கும் என்பதுதான். 16 சதுர மி.மீ. கம்பி போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குச் சற்று மேலோடு நின்றுவிடும். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அருகில் வைத்து, அதிலிருந்து வெளிவரும் உயர் வோல்ட் கம்பியைப் பின்பக்கம் இழுப்பது இன்னும் எளிது.

பியூஸைப் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். பலர் அதை இன்வெர்ட்டரின் பக்கத்தில் வைக்கிறார்கள். நடுவழியில் கம்பி தகட்டில் உரசி வெட்டுப்பட்டால் அந்தப் பியூஸ் எதையும் காப்பாற்றாது. தகட்டில் துளையிட்டுக் கம்பி நுழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் துளையின் விளிம்புக்குப் பெயிண்ட் தடவி ரப்பர் வளையம் போடுங்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கருவியை ஓட்டுவதாக இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு டீப் சைக்கிள் பேட்டரி, அதாவது அடிக்கடி வடியவிட்டாலும் தாங்கும் பேட்டரி, வைத்துக்கொள்வதே நல்லது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி, ஒரு கணம் பெரும் மின்னோட்டம் கொடுத்துவிட்டு மீண்டும் நிறைவதற்காகச் செய்யப்பட்டது. அதை அடிக்கடி வடியவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது.

கேள்வி: ஓட்டுநருக்கும் சரக்குக்கும் நடுவே தடுப்பு அவசியமா? நான் எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

பதில்: அவசியம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்றால், உள்ளேயிருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல ஏறக்குறைய 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 15 கிலோ கருவிப் பெட்டி உங்கள் முதுகுக்கு 300 கிலோவாக வந்து சேரும். தடுப்பை இருக்கையின் சட்டத்திலோ மெல்லிய பக்கத்தகட்டிலோ திருகாமல், உடற்சட்டத்தின் கனமான விலாப் பகுதிகளில் போல்ட் போட்டுப் பிணையுங்கள். தடுப்பு இருக்கிறது என்பதற்காகச் சரக்கைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள்: சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய நெறியான ஈஎன் 12195-1, சாதாரண ஓட்டத்தில் திடீரெனப் பிரேக் பிடிப்பதற்கே முன்னோக்கி எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டில் 0.5 பங்கு விசையைத் தாங்கும்படி கட்டச் சொல்கிறது.

கேள்வி: டயர் தேய்ந்துவிட்டது. அதே அளவில் கார் டயர் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா? சற்றுப் பெரிய டயர் போட்டால் வண்டி உயரும் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: அளவு ஒன்றாக இருந்தாலும் தாங்கும் எடை ஒன்றாக இருக்காது. டயரில் அளவுக்கு அடுத்து வரும் எண் பாரக் குறியீடு. 80 என்றால் ஒரு டயர் 450 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. பின்பக்கத்து இரண்டு டயர்களையும் சேர்த்தால் 900 எங்கே, 1,120 எங்கே! சரக்கு வண்டி டயரில் அளவின் முடிவில் ‘சி’ என்ற எழுத்தும், 88/86 என்பது போல இரட்டை எண்ணும் இருக்கும். முதல் எண்தான் ஒற்றைச் சக்கரத்துக்கு உரியது. பழைய டயரிலுள்ள குறியீட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

பெரிய டயரை நான் பரிந்துரைப்பதில்லை. விட்டம் 4 விழுக்காடு கூடினால் வேகமானி 50 காட்டும்போது நீங்கள் 52இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அதோடு, ஒவ்வொரு கியரும் சற்று நீண்டுவிடுவதால், முழுப் பாரத்தோடு மேட்டில் கிளம்பும்போது கிளட்ச் கூடுதலாகத் தேயும்.

காற்றழுத்தத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வெறும் வண்டிக்கும் நிறைபாரத்துக்கும் பின்டயர் அழுத்தம் வெவ்வேறு என்று கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையிலேயே போட்டிருக்கும். அதைப் படித்ததில்லை என்றால் இன்று படித்துவிடுங்கள்.

கேள்வி: டீசல் வேன் வாங்கி ஓராண்டு ஆகிறது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரச் சவாரிகள்தாம். புகைவடிகட்டி விளக்கு அடிக்கடி எரிகிறது. எண்ணெய் அளவோ கூடிக்கொண்டே போகிறது. எண்ணெய் எப்படிக் கூடும்?

பதில்: கூடுவது எண்ணெய் அன்று, டீசல். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க அது ஏறக்குறைய 600 டிகிரிவரை சூடாக வேண்டும். அதற்காக எஞ்சின் கூடுதலாக டீசலைத் தெளிக்கிறது. நீங்கள் இரண்டாவது கிலோமீட்டரில் எஞ்சினை நிறுத்திவிடுவதால் எரிப்பு பாதியில் நின்றுபோகிறது. பல எஞ்சின்களில் அந்தக் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுவதால், எரியாதது சுவர் வழியே இறங்கி எண்ணெயோடு கலக்கிறது. அளவுகோலில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் எண்ணெயை உடனே மாற்றுங்கள். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைக் காப்பாற்றாது. பிறகு வாரம் ஒருமுறையாவது 20, 30 நிமிடங்கள் நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். உங்கள் தொழில் எப்போதும் இந்தச் சிறு தூரங்களுக்குள்தான் என்றால், உண்மையில் உங்களுக்கு ஏற்றது பெட்ரோல் வேன் அல்லது மின்சார வேன்.

கேள்வி: பக்கவாட்டில் நகரும் கதவு இழுக்க வரவில்லை. கிரீஸ் நிறையத் தடவியும் சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது.

பதில்: கிரீஸ்தான் காரணம். தண்டவாளத்தில் தடவிய கிரீஸ் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி உருளைகளைத் தேய்க்கிறது. மேலே, நடுவே, கீழே என்று மூன்று தண்டவாளங்களையும் பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயும் கொண்டு பளிச்சென்று துடைத்துவிட்டு, உலர்ந்து படியும் சிலிக்கான் தெளிப்பானை மெல்லியதாக அடியுங்கள். அதற்குப் பிறகும் கதவு கனமாகவே நகர்ந்தால், உருளையே தேய்ந்து கதவு தொங்குகிறது என்று பொருள்; உருளையை மாற்றுங்கள்.

கேள்வி: இரவு வேனில் வைக்கும் கருவிகள் காலையில் ஈரமாக இருக்கின்றன. கூரை ஒழுகவில்லை.

பதில்: ஒழுகலில்லை, வியர்வை. இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் உள்ளேயிருக்கும் காற்றின் ஈரம் அதில் துளியாகப் படிந்து சொட்டுகிறது. நனைந்த தார்ப்பாயையும் கயிற்றையும் உள்ளே வைத்துப் பூட்டாமலிருப்பதே பாதித் தீர்வு. கூரையில் நீர் உறிஞ்சாத மூடிய கண் நுரைத்தாளைக் காற்றிடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள்; கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு தகட்டோடு ஒட்டி நின்று துருவை வளர்க்கும். கதவுகளின் அடிமடிப்பில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அவை நுரையாலும் மண்ணாலும் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆனாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவத்தை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வீண்செலவு என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் மெக்கானிக்கை மாற்றிவிடாதீர்கள். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவத்துக்கு விதிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதியதாக இருக்கும்போது 230 டிகிரி, 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அது 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஊருக்குள் காலி வண்டியை ஓட்டும்போது இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. முழுப் பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கும்போது காலிப்பர் சூடேறி, திரவத்திலிருக்கும் நீர் ஆவியாகிவிடும். திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே திரவத்தை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் இறக்கத்தில் மேடேற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். மாற்றும்போது, புதுத் திரவம் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றப்படுகிறதா என்று மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறை மூலையில் மூடி திறந்தபடி மாதக்கணக்கில் நின்ற டப்பா உங்கள் பழைய திரவத்தைவிட மேலானதாக இருக்காது.